எண்பத்திரண்டு சதவீதம்

எங்கள் கம்பெனியில் வேலை தெரியாதவர்களுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. வேலை தெரிந்தவர் ஒரே ஒருவர் இருந்தார். அவரைப் பதினோரு வருஷமாகப் பயிற்சியில் வைத்திருந்தார்கள்.

நான் கதை விடுவதாக நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். நான் அங்கே டைம் ஆபீஸ் குமாஸ்தா. நிரந்தரத் தொழிலாளிக்கு நீல அட்டை, டிரெய்னிக்கு மஞ்சள் அட்டை என்று எழுதிக் கொடுத்தது இந்தக் கைதான். லூர்துராஜுக்கு மட்டும் மஞ்சள் அட்டையை நாலு தடவை புதுப்பித்திருக்கிறேன். முதல் அட்டையில் ஒட்டிய போட்டோவில் அவருக்கு மீசை கறுப்பு. நாலாவதில் பாதி வெள்ளை.

ஒரகடத்திலிருந்து வல்லம் போகிற சாலையில், நெல் விளைந்துகொண்டிருந்த இடத்தில், எழுபத்து மூன்றாம் வருஷம் எங்கள் வார்ப்பாலை வந்தது. தண்ணீர் இறைக்கிற பம்புக்கு இரும்புக் கூடு வார்ப்பது தொழில். பம்பு செய்வதற்காக முதலில் லூர்துராஜின் கிணற்றை மூடினார்கள். இதற்கு யாரும் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கிணறு, களம், இரண்டே கால் ஏக்கர் வயல் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டு கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தது. 'நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு, உரிய பயிற்சி முடித்த பின், நிரந்தர வேலை வழங்கப்படும்.' லூர்துராஜ் அந்தக் கடிதத்தை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். மாதாவுக்கே அதில் 'உரிய பயிற்சி முடித்த பின்' என்ற வார்த்தைகள் கண்ணில் படவில்லை என்றால் மனுஷர்களைக் குறை சொல்ல முடியாது.

பயிற்சி நடந்தது. கோயமுத்தூரிலிருந்து வந்த மேஸ்திரி ஒருவர் மூன்று மாதம் சொல்லிக்கொடுத்தார். நாலாவது மாதம் வீட்டுச் சாப்பாடு ஞாபகம் வந்து ஊருக்குப் போய்விட்டார். சான்றிதழ் தரவில்லை, அவருக்கு எழுத வராது. ஆனால் மணல் பார்க்கிற வித்தையை லூர்துராஜின் கையில் வைத்துவிட்டுப் போனார்.

வித்தை இதுதான். அச்சுக்கான மணலில் ஒரு பிடி அள்ளி இறுக்குவார். விரலைத் திறந்தால் உருண்டை மேல் கைரேகை விழுந்திருக்க வேண்டும். அதை இரண்டாக உடைப்பார். விளிம்பு உதிர்ந்தால் தண்ணீர் போதாது. கையில் ஒட்டினால் அதிகம். அதிகமான மணலில் உருக்கிய இரும்பை ஊற்றினால் உள்ளே ஆவி அடைத்துக்கொண்டு இரும்பு மேலே சீறும். பக்கத்தில் நிற்கிறவன் முகம் போய்விடும். மணல் தினம் ஒரு மாதிரி வரும். வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. அதனால் லூர்துராஜ் பிடித்துப் பார்த்து "ஊத்து" என்று சொன்னால்தான் ஊற்றுவார்கள். பதினோரு வருஷத்தில் ஒருத்தன் முகமும் போகவில்லை.

எழுபத்தொன்பதில் கம்பெனிக்குப் பயிற்சித் துறை வந்தது. கூடவே அதன் மேலாளர் செல்வநாதன் வந்தார். பம்பாயில் இரண்டு வாரம் பயிற்சி பெற்றவர். கிணற்றை மூடிய இடத்திலேயே அவருக்கு மண்டபம் கட்டினார்கள். வாரத்துக்கு மூன்று தொடக்க விழா, இரண்டு நிறைவு விழா. ஒவ்வொன்றுக்கும் குத்துவிளக்கு ஏற்றியதில், எங்கள் உலை எரிந்ததைவிட அந்த விளக்கு அதிகம் எரிந்தது என்று நான் சத்தியம் செய்வேன். மழைக்காலத்தில் மண்டபத் தரையில் தண்ணீர் ஊறும். ஏன் ஊறுகிறது என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழுவுக்குப் பயிற்சியும் அளித்தார்கள்.

முதல் நாள் செல்வநாதன் பேசிய பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

"நண்பர்களே! தொழிலாளிக்குத் தெரிந்ததுக்கும், தெரிய வேண்டியதுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அதை நிரப்பவே நமது துறை. இடைவெளி இல்லையேல் நாம் இல்லை. ஆகவே எங்கெல்லாம் இடைவெளி இல்லையோ, அங்கெல்லாம் அதை உண்டாக்கும்வரை நாம் ஓய மாட்டோம்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. லூர்துராஜும் தட்டினார். மறுநாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றார்.

"சார், நான் நெலம் குடுத்தவன். ஆறு வருஷமா டிரெய்னியாவே கீறேன். பர்மனென்ட் பண்ணுங்க சார்."

செல்வநாதன் கடிதத்தைப் படித்தார். "பயிற்சி முடிச்சிருக்கீங்களா?"

"மேஸ்திரி கத்துக்குடுத்தாரு சார்."

"சான்றிதழ்?"

"இல்ல சார்."

"அப்போ பயிற்சி இல்லை. பயிற்சி எடுங்க."

"குடுங்க சார், எடுத்துக்கறேன்."

அவருடைய இடைவெளியை அளந்து வரும்படி உத்தரவாயிற்று. ஃபோர்மேன் யாக்கோபு, உண்மையை எழுதுவதில் ஆபத்து இருக்கும் என்று அறியாத மனிதர், படிவத்தில் 'இவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இடைவெளி சைபர்.

செல்வநாதன் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "வேலை தெரிஞ்சவருக்குப் பயிற்சி கொடுத்தா அது வீண் செலவு. பயிற்சி எடுக்காதவரை நிரந்தரமாக்கினா அது விதிமீறல். இரண்டையும் நான் அனுமதிக்க மாட்டேன்."

"அப்போ நான் இன்னாதான் சார் பண்றது?"

"இடைவெளியோட வாங்க," என்றார் செல்வநாதன், மிகவும் அன்பாக.

இதற்கு நடுவில் முப்பத்தி நாலு பையன்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒன்றும் தெரியாதவர்கள், அதனால் தகுதியுள்ளவர்கள். லூர்துராஜ்தான் ஒவ்வொருவர் கையையும் பிடித்து மணலில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். 'கற்பித்தவர்' என்ற இடத்தில் செல்வநாதன் கையெழுத்துப் போட்டார். முப்பத்தி நாலு பேருக்கும் நீல அட்டை எழுதினேன். அதில் நடேசன் என்கிறவன் கொஞ்சம் அழகாக எழுதுவான். அவனைப் பயிற்றுநராக்கி மண்டபத்துக்குள் மேஜை போட்டுக் கொடுத்தார்கள். நாலு வருஷம் மேஜையில் உட்கார்ந்ததில் அவனுக்கு மணல் மறந்து, சுண்ணாம்புக்கட்டி பழகிவிட்டது.

அவன் நல்ல பையன்தான். லூர்துராஜுக்காக ஒரு வழி கண்டுபிடித்தான். "அண்ணா, பொதுப் பயிற்சின்னு ஒண்ணு கீது. அதுக்கு இடைவெளி கேக்க மாட்டாங்க. நேரத்தைச் சரியாப் பயன்படுத்துறது எப்படி, மூணு நாள். அதுல ஒரு சான்றிதழ் வாங்கிடு."

லூர்துராஜ் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். விளக்கு ஏற்றி முடிப்பதற்குள் யாக்கோபு ஓடி வந்தார். "மணல் கலந்து வெச்சிருக்கோம். வந்து ஒரு பிடி பாத்துட்டுப் போ." போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நேரம் பொன் போன்றது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது மறுபடி கூப்பிட்டார்கள். மூன்று நாளில் இருபத்தாறு தடவை. கடைசியில் வருகை போதாது என்று சான்றிதழ் மறுக்கப்பட்டது. 'நேரத்தை நிர்வகிக்கத் தெரியாதவர்' என்று குறிப்பு எழுதினார்கள். அதைக்கூட ஒரு இடைவெளியாக எடுத்துக்கொள்ளும்படி நடேசன் கெஞ்சிப் பார்த்தான். அது வேறு துறையின் இடைவெளி என்று சொல்லிவிட்டார்கள்.

எண்பத்து நாலு பிப்ரவரியில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். நிலம் கொடுத்தோர் பட்டியல் மார்ச் முப்பத்தொன்று, சனிக்கிழமை, மாலை ஐந்து மணியுடன் மூடப்படும். அதற்குள் நிரந்தரம் ஆகாதவர்களின் உரிமை காலாவதியாகும். பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் மிச்சம் இருந்தது. ஒருத்தருக்காகத் தாள் அடித்து, ஏழு இடத்தில் ஒட்டினார்கள்.

அன்று லூர்துராஜ் வீட்டில் அவர் மனைவி அற்புதமேரி போட்ட சத்தம் படப்பை வரை கேட்டிருக்கும்.

"கெணறு போச்சி, களம் போச்சி, நீ மட்டும் நின்னுகினு கீற. ஒரே ஒரு வார்த்தை, தெரியாதுன்னு சொல்லேன்யா! ஊர்ல எல்லாரும் தெரியாமலே பர்மனென்ட் ஆயிட்டானுங்க, உனக்கு இன்னா கேடு?"

"தெரிஞ்சத எப்பிடிமே தெரியாதுன்னு சொல்றது?"

"அப்பிடியா? நான் கத்துத் தரேன் வா."

எங்கள் கம்பெனி வரலாற்றில் உண்மையாக நடந்த பயிற்சி இது ஒன்றுதான். நடத்தியவர் அற்புதமேரி, இடம் அடுப்பங்கரை. கேழ்வரகுப் புட்டுக்கு மாவு பிசிறுவாள். கிண்ணத்தை அவர் முன்னால் வைப்பாள். "தண்ணி போதுமா?"

லூர்துராஜின் கை தானாகப் போய் ஒரு பிடி பிடிக்கும், இறுக்கும், உடைக்கும். "இன்னும் ஒரு கை தெளி."

"பாத்தியா! தெரியாதுன்னு சொல்லுய்யா!"

"புட்டு வெறச்சிப் போவுமேடி!"

பத்து நாள் புட்டு. பிள்ளைகள் புட்டைக் கண்டால் கோயிலுக்கு ஓட ஆரம்பித்தன. வாய் ஒருவழியாகப் பழகியது. கை பழகவில்லை. கடைசியில் அற்புதமேரி பழைய புடவையைக் கிழித்து அந்த வலது கையைச் சுற்றிக் கட்டி, காயம் என்று சொல்லச் சொல்லி அனுப்பினாள்.

மறுபடி இடைவெளி அளக்கப் போட்ட குழுவில் செல்வநாதன், நடேசன், குறிப்பு எழுத நான். மேஜைமேல் ஒரு தட்டில் மணல் வைத்திருந்தார்கள். லூர்துராஜ் உள்ளே வந்ததும் மணலைப் பார்த்தார். கட்டுப் போட்ட கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அச்சு மணல்ல என்னென்ன கலக்கணும்?" என்றார் செல்வநாதன்.

"தெரியாது சார்."

"உலை இரும்பு எந்த நிறத்துல இருந்தா ஊத்தலாம்?"

"தெரியாது சார்."

"தண்ணி அதிகமானா என்ன ஆகும்?"

நடேசன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொடுத்தவர் எதிரே இருந்தார்.

"தெரியாது சார்."

செல்வநாதனின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. பேர் என்ன, அப்பா பேர் என்ன, எந்த ஊர் என்பதற்கு மட்டும் லூர்துராஜ் ஏமாந்துபோய்ச் சரியான பதில் சொல்லிவிட்டார். அதற்குப் பதினெட்டு போனது. இடைவெளி எண்பத்திரண்டு சதவீதம்.

"எண்பத்திரண்டு!" செல்வநாதன் எழுந்தே விட்டார். "பதினோரு வருஷம் இங்கே வேலை செய்தும் இப்படி ஓர் இடைவெளியைக் காப்பாற்றி வைத்திருக்கிறாரே! நம் துறை எவ்வளவு அவசியம் என்பதற்கு இவரைவிடச் சாட்சி வேண்டுமா?" லூர்துராஜின் கையைப் பிடித்துக் குலுக்க முயன்றார். கை தொடைக்கு அடியில் இருந்தது.

ஆறு நாள் சிறப்புப் பயிற்சி. மார்ச் இருபத்தாறு திங்கள் முதல் முப்பத்தொன்று சனி வரை. கணக்காக விழுந்தது. மணல் தெரிந்த ஒருவர்தான் பயிற்றுநராக இருக்க வேண்டும் என்பது விதி. தெரிந்தவர் யார் என்று விசாரித்ததில் எல்லாரும் லூர்துராஜ் என்றார்கள். எண்பத்திரண்டு சதவீதம் தெரியாதவர் எப்படிப் பயிற்றுநர் ஆக முடியும் என்று செல்வநாதன் கேட்டது நியாயம்தான். நடேசனைப் போட்டார்கள்.

இந்த முறை யாரும் கதவைத் தட்டவில்லை. யாக்கோபு ஒரு யோசனை செய்திருந்தார். அரை மணிக்கு ஒருத்தன் ஜன்னலுக்கு வெளியே வந்து, உள்ளங்கையில் மணல் உருண்டையை உடைத்துக் காட்டுவான். லூர்துராஜ் பாடத்தைக் கவனித்தபடியே கண்ணால் சரி என்பார், அல்லது உதட்டைப் பிதுக்குவார். அவன் ஓடுவான். செல்வநாதன் இதைப் பார்த்து நெகிழ்ந்தார். "ஜன்னலில் நின்றாவது கற்கத் துடிக்கிறார்கள்!" என்று மாத அறிக்கையில் எழுதினார்.

உள்ளே நடேசன் கரும்பலகையில் எழுதி, திரும்பி, மெதுவாகக் கேட்பான். "அண்ணா, இது சரியா?" லூர்துராஜ் இன்னும் மெதுவாகச் சொல்லுவார். அவன் அதையே சத்தமாக அவருக்குச் சொல்லிக்கொடுப்பான்.

சனிக்கிழமை செய்முறைத் தேர்வு. பாடத்திட்டத்தில் உள்ளபடி மணல் கலந்து, அச்சு செய்து, ஒரு பம்புக் கூடு வார்க்க வேண்டும். மூன்று மணிக்குள் முடிந்தால் நாலு மணிக்குச் சான்றிதழ், ஐந்துக்குள் நீல அட்டை. அட்டையை எழுதி, தேதி மட்டும் விட்டு, நான் பையில் வைத்திருந்தேன். அற்புதமேரி கேட் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

பாடத்திட்டப்படி ஒரு கலவைக்கு எட்டுக் குவளை தண்ணீர். இந்த எட்டு எங்கிருந்து வந்தது என்றால், பாடத்திட்டக் குழுவில் ஒருவர் நாலு என்றும் ஒருவர் பன்னிரண்டு என்றும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் சம பதவி. யார் மனமும் நோகாமல் நடுவில் எடுத்தது எட்டு.

பயிற்சி பெறுபவர் மணலைத் தொடக்கூடாது, அளந்ததை ஏற்க வேண்டும் என்று செல்வநாதன் சொல்லிவிட்டார். "கை என்பது அளவுகோல் அல்ல. இன்னிக்கு ஒரு மாதிரி சொல்லும், நாளைக்கு ஒரு மாதிரி சொல்லும்."

நடேசன் அளந்து ஊற்றினான். அச்சு தயாராயிற்று. அவன் படிவத்தை வைத்துக்கொண்டு அச்சின் தலைமாட்டிலேயே நின்றான். நெருங்கி நின்று கவனிக்க வேண்டும் என்று படிவத்தில் இருந்தது. லூர்துராஜும் இன்னொருத்தனும் உருகிய இரும்பு வாளியைத் தண்டில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாளி அச்சின் வாய்க்கு மேலே வந்து நின்றது.

நின்றது நின்றபடி இருந்தது.

நான் லூர்துராஜின் முகத்தைப் பார்த்தேன். அவர் கேட் பக்கம் பார்த்தார். பிறகு நடேசனைப் பார்த்தார்.

"நடேசா, தள்ளு."

"அண்ணா, ஊத்து அண்ணா. மணி ரெண்டே முக்கால். ஊத்திடு."

"தள்ளுடா டேய்!"

வாளியை நகர்த்தி, காய்ந்த மணல் தரையில் இறக்கி வைத்தார். கையிலிருந்த புடவைக் கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு, கலவையிலிருந்து ஒரு பிடி அள்ளினார். இறுக்கினார். மணல் கையோடு ஒட்டிக்கொண்டது.

"எட்டுக் குவளை வெடிக்கும் சார். இந்த மணலுக்கு நாலே கால்தான்."

"பாடத்திட்டம் எட்டு," என்றார் செல்வநாதன்.

யாக்கோபு குறுக்கே வந்தார். எல்லாரையும் தூணுக்குப் பின்னால் போகச் சொன்னார். நீளக் கைப்பிடி போட்ட கரண்டியில் கொஞ்சம் இரும்பு மொண்டு, ஒதுங்கி நின்று, தூரத்திலிருந்தே அச்சில் விட்டார். அது சீறியது பாருங்கள்! கூரைத் தகட்டில் விழுந்த ஓட்டை வழியாக அந்த வருஷ மழைக்காலம் முழுக்க நாங்கள் நனைந்தோம். நடேசன் நின்ற இடத்தில் இருந்த முக்காலி தீப்பிடித்து எரிந்தது.

நடேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். லூர்துராஜ் முக்காலியில் மணலை அள்ளிப் போட்டு அணைத்தார். நான் பேனாவைத் திறந்தேன். இப்போதாவது அட்டையில் தேதி போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

செல்வநாதன் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"நாலே கால்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

லூர்துராஜ் கையில் ஒட்டியிருந்த ஈர மணலை வழித்துப் போட்டார்.

"தெரியாதுன்னு குழு முன்னால சொல்லியிருக்கீங்க. எண்பத்திரண்டு சதவீதம்!" அவர் குரல் தழுதழுத்தது. உண்மையாகவே மனம் நொந்திருந்தார். "நான் உங்களை நம்பினேன், லூர்துராஜ்."

நடேசன் எழுந்து வந்து செல்வநாதன் காலைப் பிடித்தான். யாக்கோபு வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னார். செல்வநாதன் யார் மீதும் கோபப்படவில்லை. ஐந்து மணிக்கு, சொன்னபடி, பட்டியலை மூடினார். கேட்டில் நின்ற அற்புதமேரியிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. அவளாகவே தெரிந்துகொண்டு போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிறு. உத்தரவை லூர்துராஜ் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். சைக்கிளில் போனேன். உத்தரவில் நாலு விஷயம். தெரிந்ததை மறைத்துப் பெற்ற பயிற்சி ரத்து. மறைத்ததற்குக் காரணம் கேட்டு விளக்கம் தர வேண்டும். வரும் வாரம் நேர்மை பற்றிய மூன்று நாள் வகுப்பில் உட்கார வேண்டும், வருகை கட்டாயம். எட்டுக் குவளையையும் நாலே காலையும் கூட்டிச் சராசரி காண ஒரு குழு அமைக்கப்படும். கூடவே, ஐந்தாவது மஞ்சள் அட்டை. நிரந்தரமானவர்களுக்குத்தான் ஐம்பத்தெட்டில் ஓய்வு. டிரெய்னிக்கு வயது வரம்பு விதியில் இல்லை. அவர் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் கற்றுக்கொண்டிருக்கலாம்.

"வாங்க கிளார்க் சார், குந்துங்க," என்றாள் அற்புதமேரி. திட்டுவாள் என்று நினைத்துப் போயிருந்தேன். அவள் புட்டுக்கு மாவு பிசிறிக்கொண்டிருந்தாள்.

லூர்துராஜ் உத்தரவை இரண்டு தடவை படித்தார். மடித்தார். மாதா படத்துக்குப் பின்னால் பழைய கடிதத்தோடு செருகினார்.

அற்புதமேரி கிண்ணத்தை அவர் முன்னால் நகர்த்தினாள். "தண்ணி போதுமா, பாத்துச் சொல்லு. இன்னிக்குச் சொல்லுய்யா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் ஒரு பிடி அள்ளினார். இறுக்கினார். விரலைத் திறந்தார். உருண்டை மேல் ரேகை ரேகையாக அவர் கை பதிந்திருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உடைக்கவில்லை.

"தெரியல மேரி," என்றார்.

அவள் அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கும் ஒரு தட்டில் புட்டு வைத்தார்கள். தொண்டையில் இறங்கவே இல்லை. மாவில் தண்ணீர் போதவில்லை என்றுதான் நினைக்கிறேன்.